பின்பக்கக் கணக்கு

பகல் பதினொன்று. இரவுக் காவல் கிடந்தவர்கள் நித்திரை.
நான் உரக்கணக்குக் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப்
பின்பக்கத்திலிருந்து வாசிக்கிறேன்.

முன்னுக்கு யூரியா, களைநாசினி, உழவுகூலி.
பின்னுக்கு ராத்திரிகள்.
அம்பகாமத்து வயற்கரைக் கொட்டிலில்
யானைக்குக் காவலிருந்தபடி
நாங்கள் நாலு பேர் விளையாடிய முந்நூற்றிநாலு.
ஆர் கேட்டது, எவ்வளவுக்குக் கேட்டது,
என்ன துரும்பு, எந்தச் சீட்டில் சறுக்கினது.

மார்கழி நாலு. நூற்றெண்பது கேட்டு வென்றது.
யோகதாசைச் சோடா வாங்க வைத்துச் சிரித்த இரவு.
இன்றைக்குப் பாயில் சீட்டைப் பரப்பிப் பார்த்தால்
அது வெற்றியே இல்லை.
கலாவரை ஆஸை அந்த நேரம் இறக்கினது விசர் வேலை.
குகதீபன் கொட்டாவி விட்டதில் தப்பியிருக்கிறேன்.
ஓரத்தில் எழுதினேன்: பிழை.

மார்கழி ஒன்பது. தோற்றது.
எத்தனை தரம் திருப்பி விளையாடினாலும்
வேறு சீட்டு இறக்க வழியில்லை.
எழுதினேன்: சரி.
தோல்விக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதப்
பேனை கொஞ்சம் மறுத்தது.

பதினேழாந் திகதிப் பக்கம் மட்டும்
பாதியில் நிற்கிறது.

இருநூறு கேட்டிருந்தேன்.
ஐந்து பிடி முடிய எங்கள் பக்கம் நூற்று அறுபத்தெட்டு.
இன்னும் முப்பத்திரண்டு வேணும்.
கையில் மூன்று சீட்டு:
இஸ்கோப்பன் ஒன்பது, ஆட்டின் பத்து,
ஒன்றுக்கும் உதவாத ஒரு கலாவரை ஏழு.
இஸ்கோப்பன் ஜாக் இன்னும் வரவில்லை.
அது என் சோடி நவமலரிடமா,
இல்லை, மீசையைத் தடவிக்கொண்டிருந்த யோகதாசிடமா?

அப்போதுதான் வாய்க்கால் பக்கம் வேலிக்கட்டை முறிந்தது.

உயர்தரத்தில் கணிதம் படிக்கிற என் மகள் துவாரகி
விரல் மடிக்காமலே சொன்னாள்:
காணாத ஒன்பது சீட்டும் மூன்று கைகளில்
ஆயிரத்து அறுநூற்று எண்பது விதமாய் இருக்கலாமாம்.
அறுபது விதம் விளையாடிப் பார்த்துவிட்டேன்.
பாதிக்கு மேல் வெல்கிறேன்.
வென்று என்ன,
நவமலர் எழும்பிப் போன இடத்தில்
பாய் வெறுமையாய்க் கிடக்கிறது.

இன்று வேறு விதமாய்த் திருப்பிப் பார்த்தேன்.
சீட்டை விட்டுவிட்டு ஆட்களை.
போனில் நேரத்தை ஓட விட்டேன்.

நவமலர் டோர்ச்சை எடுக்கிறாள்.
குகதீபன் யானைவெடியை.
யோகதாஸ் எழும்பின வேகத்தில் லாம்பு சரிகிறது,
அவன்ர சீட்டெல்லாம் சேற்றில்.
நான் பாயில் இருக்கிறேன்.
எண்ணுகிறேன். முப்பதுதான் வருகுது.
இன்னொருக்கால் எண்ணுகிறேன்.
இருட்டுக்குள்ளிருந்து குகதீபன்,
"நெருப்பு! டேய், நெருப்பு!"
மூன்றாந்தரம் எண்ணுகிறேன்.

நாற்பத்தொரு செக்கன்.
தீப்பெட்டி என் மடியில்.

நவமலரின் வயலில் முக்கால் ஏக்கர்,
குடலைப் பருவம்.
நட்டஈட்டுப் படிவத்தில்
சாட்சிக் கையெழுத்துக்கு என்னைத்தான் கேட்டாள்.
வைத்தேன்.

ஓரத்தில் பிழை என்று எழுதக் கை போகிறது.
எந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் எழுதுவது?

அந்த மூன்று சீட்டையும் கீழே வைக்காமலே ஓடியிருக்கிறேன்.
சட்டைப்பைக்குள் நனைந்து, பேனை ஒழுகி,
ஒன்பதின் முதுகில் நீலமாய் ஒரு கறை.
இப்போது அது ஆரிடம் போனாலும்
நாலு பேருக்கும் தெரியும்.
புதுக் கட்டு வாங்கி வாறன் என்றேன்.
இது காணும் என்றாள் நவமலர்.

நேற்றிரவு அவள்தான் குலுக்கினாள்.
ஆளுக்கு நாலு சீட்டு.
கறை பட்டது எனக்கே வந்தது.
தீப்பெட்டியை என் முன்னாலிருந்து எடுத்துக்
குகதீபனிடம் கொடுத்துவிட்டு,
சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல்,
"கேள்" என்றாள்.